பேஷ்ஃபுல்னா அடிக்கிற பிள்ளையா?

கேள்வி: சார், என் பொண்ணோட ஸ்கூல் ரிப்போர்ட்ல "பேஷ்ஃபுல் சைல்டு"ன்னு எழுதியிருக்காங்க. பேஷ்னா அடிக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியும், யாரையாவது அடிச்சிட்டாளோன்னு பதறிட்டேன். இதுக்கும் ஷைக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: பதறாதீங்கம்மா, பொண்ணு யாரையும் அடிக்கல. அடிக்கிற பேஷுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அபேஷ்னு ஒரு வெர்ப் இருக்கு, ஒருத்தர கூச்சத்துல திகைச்சு நிக்க வைக்கிறதுன்னு அர்த்தம், அதுல முன்னாடி இருந்த 'அ' உதிர்ந்துபோய் பின்னாடி ஃபுல் ஒட்டிக்கிட்டு 16ம் நூற்றாண்டுலேர்ந்து பேஷ்ஃபுல்லா புழக்கத்துல இருக்கு.

ஷைங்கிறது பொதுவான வார்த்தை, ஒருத்தரோட சுபாவத்தையே சொல்லிடலாம். பேஷ்ஃபுல் அப்படி இல்ல, முகத்துல தெரியுற கூச்சம். புது ஆள் வந்து பேர் கேட்டதும் பிள்ளை அம்மா முதுகுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டு, ஒரு கண்ணை மட்டும் வெளிய நீட்டி, சிரிப்பை அடக்கிக்கிட்டு, கால் கட்டைவிரலால தரையைத் தேய்க்குமே, அதேதான். நாலு பேர் முன்னாடி பாராட்டினதும் தலையைக் குனிஞ்சு சிரிக்கிற பெரியவங்களுக்கும் பொருந்தும், "ஹீ கேவ் அ பேஷ்ஃபுல் ஸ்மைல்"னு சொல்லலாம். என்னைக் கேட்டா இது பிரியமா சொல்ற வார்த்தைங்க, குறை சொல்ற வார்த்தையே இல்ல.

நம்மாளுங்க தடுமாறுறது எங்கன்னா, தமிழ்ல வெட்கம்ங்கிற ஒரே வார்த்தை கூச்சத்துக்கும் வரும், அவமானத்துக்கும் வரும், அதனால வெட்கமா இருக்குன்னு சொல்ல நினைச்சு "ஐ ஆம் அஷேம்ட்"னு சொல்லிடுறாங்க. கேக்குறவங்க ஏதோ தப்பு பண்ணிட்டாங்கன்னு நினைச்சுப்பாங்க! தப்பு பண்ணி தலைகுனிஞ்சா அஷேம்ட், ஆசையும் கூச்சமும் கலந்து தலைகுனிஞ்சா பேஷ்ஃபுல். பயந்து ஒதுங்கினா டிமிட், கூச்சப்படுற மாதிரி நடிச்சா கோய், இந்த கோயை மட்டும் குழந்தைக்குப் போட்றாதீங்க.

இன்னொண்ணு, கேமரா ஷைன்னு சேர்த்துச் சொல்ற மாதிரி கேமரா பேஷ்ஃபுல்னு வராது. 99 ரன்ல அவுட் ஆனவர "ஒன் ரன் ஷை ஆஃப் அ செஞ்சுரி"ன்னு சொல்லுவாங்க, அங்க ஷைன்னா குறைவுன்னு அர்த்தம், அங்கயும் பேஷ்ஃபுல் நுழையாது. வேலைக்கான இன்டர்வியூல உங்களைப் பத்திச் சொல்லும்போதும் இது வேணாம், கொஞ்சம் குழந்தைத்தனமா கேக்கும், "அ பிட் ஷை"ன்னு சொன்னா போதும். ஆனா "டோன்ட் பி பேஷ்ஃபுல்"னு, கூச்சப்படாம கேளுங்கன்னு யார்கிட்ட வேணா சொல்லலாம்.

ரிப்போர்ட்ல பேரன்ட்ஸ் எழுதுற கட்டம் இருந்தா "ஷீ இஸ் பேஷ்ஃபுல் வித் நியூ பீப்பிள், பட் ஷீ டாக்ஸ் அ லாட் அட் ஹோம்"னு எழுதி அனுப்புங்கம்மா, டீச்சருக்கும் புரியும்.