கேளுங்கள்: ஓடை மலை ஏறுமா?

கேள்வி: என் அக்கா மகன் அலாஸ்காவின் வடக்கே புரூக்ஸ் மலைத்தொடருக்கு நடைப்பயணம் கிளம்புகிறான். அவன் போனில் காட்டிய வரைபடத்தில் ஓர் ஓடை மலை முகட்டில் ஏறி மறுபக்கம் இறங்குகிறது! சாட்டிலைட் காலத்திலும் இப்படியா ஐயா?
– ஒரு வாசகி, தட்டோன்

பதில்: நடக்கும் அம்மா. அந்த ஓடையையும் அந்த மலையையும் வரைந்த காலம் வேறு வேறு. நீலக்கோடு பெரும்பாலும் 1950களின் விமானப் படங்களைப் பார்த்துப் போட்டது. அந்த வரைபடத் தாள்கள் மைலுக்கு ஓர் அங்குலம், நம் பர்மாவின் பழைய தாள்களின் அதே அளவு. மலையோ அண்மையில் ரேடாரில் அளந்தது. பழைய கோட்டைப் புது மலைமேல் வைத்தால் ஓடை மேடேறத்தான் செய்யும்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் பூமியை அளந்தபோது வட அட்சரேகை 60 பாகையோடு நின்றுவிட்டது. புரூக்ஸ் மலை 68 பாகைப் பக்கம். பிறகு விமானத்தில் ரேடாரைக் கட்டிப் பறந்துதான் 5 மீட்டருக்கு ஒரு புள்ளியாக உயரம் எடுத்தார்கள்.

உயரம் கிடைத்தாலும் ஓடை கிடைத்துவிடாது. அங்கே அடிமண் உறைந்து கிடப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவெங்கும் கசியும். எது ஓடை, எது வெறும் ஈரம்? மேசையில் உட்கார்ந்து வரைபடம் வரைபவன்தான் சொல்ல வேண்டும். நானும் அந்த மேசைக்காரன்தான். விமானப் படங்களை மேடுபள்ளமாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியில் குனிந்தபடி, மழைக்கு மட்டும் ஓடும் ஓடையைப் போடுவதா விடுவதா என்று மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். பேனா அவர் பக்கம்தான் சாயும்.

பையனிடம் சொல்லுங்கள்: நீலத்தை நம்பாதே, ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் உயரக்கோட்டைப் பார். கோடுகள் ஆப்பு மாதிரி வளைந்து மேட்டைக் குத்தும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைகட்டினால் அதுதான் பள்ளம், தண்ணீர் அங்கேதான். ஆனால் பழைய மலைத்தாள்கள் பலவற்றில் கோட்டுக்குக் கோடு 100 அடி உயரம். நடுவில் 80 அடிப் பாறை ஒளிந்திருந்தாலும் தாள் வாய் திறக்காது. கூழாங்கல் படுகையில் ஆற்றின் தடம் வருஷத்துக்கு வருஷம் மாறும், அங்கே எந்தத் தாளும் உதவாது. பனி உருகி வரும் தண்ணீர் மாலையில் ஏறும், காலையில் கடக்கட்டும்.

கேள்வி: ஆளில்லாத அந்தக் காட்டு ஓடைகளுக்கு யார் பெயர் வைத்தது?
– ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: ஆளில்லை என்று யார் சொன்னது? அந்த மலைகளின் பூர்வகுடிகளான நூனமியூத் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மான் வேட்டையாடுகிறவர்கள். தாளில் ஏறிய பெயர்களில் பல, 1929 முதல் அங்கே சுற்றிய அமெரிக்க வனவியலாளர் ராபர்ட் மார்ஷல் வைத்தவை. கூட வந்த எர்னி ஜான்சனுக்கும் ஓர் ஓடை கொடுத்தார்: எர்னி கிரீக்.