குரோம் அப்டேட்டுக்குப் பிறகு பழைய எக்ஸ்டென்ஷன் வேலை செய்யவில்லை, எப்படிச் சரிசெய்வது?

திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கிறீர்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டின் எழுத்தை யூனிகோடாக மாற்ற, தம்பி எழுதித் தந்த எக்ஸ்டென்ஷனை குரோம் முடக்கிவிட்டது. கோட் கையில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பாதிக் கவலை தீர்ந்தது.

காரணம், அது எழுதப்பட்ட பழைய எக்ஸ்டென்ஷன் விதிமுறையான மேனிஃபெஸ்ட் வெர்ஷன் 2. குரோம் அதை 2024-ல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. எக்ஸ்டென்ஷனின் விவரங்கள் இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் 2 என்பதை 3 ஆக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். வெப்சைட் முகவரிகளுக்கான அனுமதியைத் தனிப் பகுதிக்கு மாற்ற வேண்டும்; டூல்பார் பட்டனைக் குறிக்கும் பிரவுசர் ஆக்‌ஷன் என்பது வெறும் ஆக்‌ஷன் ஆகிவிட்டது. இவை அரைமணி நேர வேலை.

தலைவலி பின்னணி ஸ்கிரிப்ட்தான். முன்பு அதை எப்போதும் ஓடவிடலாம். இப்போது அந்த இடத்தில் சர்வீஸ் வொர்க்கர், அதாவது தேவைப்படும்போது மட்டும் எழுந்து ஓடும் ஸ்கிரிப்ட். 30 விநாடி சும்மா இருந்தால் அணைந்துவிடும். எழுத்து மாற்ற அட்டவணையை ஸ்கிரிப்ட் அணைந்தால் அழிந்துவிடும் ஒரு குளோபல் வேரியபிளில் ஏற்றி வைத்திருந்தால், காலையில் நன்றாக ஓடும், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வெற்று விடை தரும். அட்டவணையை எக்ஸ்டென்ஷனுக்கான குரோம் ஸ்டோரேஜில் வையுங்கள், இல்லை கோப்பிலேயே நேராக எழுதிவிடுங்கள். ஒரு வேலையைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யும் செட் இன்டர்வெல் இருந்தால், அதை குரோமின் அலாரம்ஸுக்கு மாற்றுங்கள். வெளி சர்வரிலிருந்து ஸ்கிரிப்ட் இழுப்பதும் இனி கூடாது. பக்கத்துக்குள் ஓடும் கன்டென்ட் ஸ்கிரிப்ட்டைப் பெரும்பாலும் தொடவே வேண்டாம்.

அப்புறம், கடைக் கணினிகளுக்கு மட்டும்தான் என்றால் குரோம் வெப் ஸ்டோரில் ஏற்ற வேண்டியதில்லை. குரோமின் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் டெவலப்பர் மோடை ஆன் செய்து எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரை நேரடியாக ஏற்றுங்கள். ஃபோல்டரை மட்டும் இடம் மாற்றிவிடாதீர்கள்.