மெக்கானிக் வகுப்புக்கு புரொஜெக்டரா, வெட்டிய இன்ஜினா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சின்னதாக டூவீலர் மெக்கானிக் வகுப்பு நடத்துகிறேன். பேட்சுக்கு பன்னிரண்டு பையன்கள். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. புரொஜெக்டர், திரை, அனிமேஷன் பாடங்கள் எல்லாம் சேர்த்து எழுபதாயிரம் என்று ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். "10,000 லூமன்ஸ், 4கே சப்போர்ட்" என்கிறார். வாங்கலாமா? பிரச்சினை வந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் முதலில் இன்ஜின் வாங்குங்கள்.

சென்னை என்றால் புதுப்பேட்டை, உங்கள் பக்கம் என்றால் பழைய பாகங்கள் விற்கும் கடைகள், அங்கே ஓடாத 100 சிசி நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்றை எடுத்து, லேத் பட்டறையில் கொடுத்து சிலிண்டரும் ஹெட்டும் உள்ளே தெரிகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். விளிம்புகளை அரம் போட்டு மழுக்கி, வெட்டிய பரப்புக்கு சிவப்பு பெயின்ட் அடித்து, கிராங்க்கில் ஒரு கைப்பிடி வைத்துவிட்டால் போதும். கிராங்க், கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) இரண்டின் ஸ்ப்ராக்கெட்டிலும், அதாவது பல்சக்கரத்திலும், சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பையனையே சுற்றச் சொல்லுங்கள். கிராங்க் இரண்டு சுற்று வந்தால்தான் கேம் ஒரு சுற்று வருகிறது என்பதை அவன் தன் கையாலேயே தெரிந்துகொள்வான், அதற்கு எந்த அனிமேஷனும் தேவையில்லை.

அது காட்டுவதற்கு. கழற்றி மாட்ட இன்னும் மூன்று இன்ஜின் வேண்டும், நாலு பேருக்கு ஒன்று என்ற கணக்கில். டாப்பெட் செட்டிங்கில், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும்போது, அதை அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை இழுக்கும்போது லேசாகப் பிடித்தும் பிடிக்காமலும் வரவேண்டுமே, அந்தப் பிடிப்பை எந்தத் திரையிலும் காட்ட முடியாது. பழைய இன்ஜின் எதை வாங்கினாலும் இன்ஜின் நம்பர் எழுதிய பில் கேளுங்கள். பில் தர மறுக்கிற கடையில் வாங்கவே வேண்டாம், திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

சரி, திரையே வேண்டாமா என்றால், வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபிறகு புது பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான், அதில் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார் எல்லாம் வயரிங் படம் இல்லாமல் புரியாது. ஆனால் அதற்கு ஒரு சாதாரண எல்இடி டிவி போதும். உங்கள் கை வேலை செய்வதை ஸ்டாண்டில் வைத்த போனிலிருந்து அதே டிவியில் காட்டினால் பின்னால் நிற்பவனுக்கும் தெரியும். மிச்சப் பணம் மல்டிமீட்டருக்கும், முடிந்தால் இசியுவில் பதிவான கோளாறைப் படிக்கிற ஒரு ஸ்கேன் டூலுக்கும் போகட்டும். ஸ்கேன் டூல் வாங்கும்போது எந்தெந்த கம்பெனி வண்டிகளுக்கு வேலை செய்யும், அப்டேட்டுக்கு தனியாகக் காசா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த 10,000 லூமன்ஸ், அதாவது வெளிச்சத்தின் அளவு. ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ தர முறைப்படி அளந்த லூமன்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள், எண் சடாரென்று இறங்கும். "4கே சப்போர்ட்" என்றால் 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள், திரையில் விழுவது அதைவிடக் குறைவாக இருக்கலாம், நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது புரொஜெக்டர் உண்மையில் காட்டுகிற படத் துல்லியம், என்ன என்பதுதான் கணக்கு. அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், காலை பதினொரு மணிக்கு ஷட்டர் திறந்திருக்கும்போது உங்கள் ஷெட்டிலேயே ஒரு வயரிங் படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் இருக்கிற பையன் வெள்ளை வயரையும் மஞ்சள் வயரையும் பிரித்துச் சொல்லவேண்டும். சொல்ல முடியவில்லையா, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நுகர்வோர் கோர்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கி தானே பயன்படுத்துபவருக்கு அதில் விலக்கு உண்டு. நீங்களே பாடம் நடத்துகிறீர்கள் என்றால் அந்த விலக்கைக் கேட்கலாம், ஆட்கள் வைத்து பல கிளைகள் நடத்துகிறவர் என்றால் எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் கிளப்பும். அதனால் விற்பவர் வாயால் சொன்ன லூமன்ஸ், வாரன்டி, சர்வீஸ் எல்லாவற்றையும் பில்லிலோ கொட்டேஷனிலோ எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாங்கியபின் தகராறு என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.