விதி 42: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரேசிலின் பெலேம் நகரில் 2025 நவம்பரில் நடந்த காலநிலை மாநாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களுக்காகப் பேசுகிறவர்கள் 1,602 பேர் அங்கே நுழைவு அட்டையோடு நடமாடினார்கள் என்று ஒரு செய்தி பார்த்தேன். நான் டெல்டாக்காரன். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நெடுவாசலில் போய் உட்கார்ந்தவர்களில் ஒருவன். எங்கள் பக்கத்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றில் கம்பெனி ஆட்கள் ஊர்க்காரர்களோடு கலந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்து எழுப்பி வெளியே அனுப்பினோம். ஊர்க்காரர்கள் செய்த இந்தச் சின்னக் காரியத்தை ஐ.நா.வால் ஏன் செய்ய முடியவில்லை?

இன்னொன்று. நண்பர்களிடம் இதைப் பேசினால், ‘மேலை நாடுகள் இருநூறு வருடம் எரித்துத் தீர்த்துவிட்டு நமக்குப் புத்தி சொல்ல வருகின்றன, இந்தியா நிலக்கரியை விட்டுக்கொடுக்கக் கூடாது’ என்கிறார்கள். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. முப்பது மாநாடுகள் கூட்டியும் புகை குறையவில்லையென்றால் இந்தத் திருவிழா எதற்கு?

எஸ்., திருத்துறைப்பூண்டி

*

அன்புள்ள எஸ்,

எண்ணிக்கை சரிதான். தன்னார்வ அமைப்புகளின் கூட்டணி ஒன்று பங்கேற்பாளர் பட்டியலை அலசி ஆண்டுதோறும் இந்தக் கணக்கை வெளியிடுகிறது. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் 503 பேர், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஷர்ம் எல்-ஷேக்கில் 636, துபாயில் 2,456, பாகுவில் 1,773. துபாயில் எண்ணிக்கை எகிறியதற்கு மாநாடு பெரிதாக இருந்தது ஒரு காரணம். பதிவு செய்கிறவர்கள் தாங்கள் எந்த நிறுவனத்தின் ஆள் என்று குறிப்பிட வேண்டும் என்ற ஏற்பாடு அந்த ஆண்டில்தான் வந்தது என்பது இன்னொரு காரணம். அதற்கு முன்னால் வந்தவர்கள் சரியாக எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் இந்தத் தலைகளை எண்ணுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அவர்கள் எந்த வாசல் வழியாக வருகிறார்கள் என்பதுதான் விஷயம். 2022-இல் ஷர்ம் எல்-ஷேக்கில் பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பி.பி.யின் அன்றைய தலைவர் பெர்னார்ட் லூனி மொரிட்டேனியா அரசின் தூதுக்குழுவில் ஒருவராக வந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் அந்த ஏழை நாட்டுக் கடலில் பி.பி. எரிவாயு எடுக்கும் திட்டம் வைத்திருந்தது. துபாய்க்கு பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல் எனர்ஜீஸின் ஆட்கள் பிரான்ஸின் குழுவிலேயே வந்தார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் குழுவிலேயே அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மோபிலின் ஆள் இருந்தார். உங்கள் ஊர்க் கூட்டத்தில் கம்பெனி ஆளை எழுப்பி அனுப்பிவிடலாம். மாவட்ட ஆட்சியரின் பக்கத்து நாற்காலியில், ஆட்சியரின் ஆளாகவே அவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்?

உங்கள் பக்கத்திலேயே நடந்த இன்னொரு காரியத்தையும் நினைவுபடுத்துகிறேன். எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தியது. அதற்குப் பிறகு கம்பெனி ஆள் கூட்டத்துக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? காலநிலைப் பேச்சுவார்த்தையில் இதே வேலை 1995-லேயே முடிந்துவிட்டது.

அந்தக் கதை தமிழில் அதிகம் எழுதப்படாதது. டான் பேர்ல்மன் என்று வாஷிங்டனில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். ரீகன் அரசில் எரிசக்தித் துறையிலும், அரசு நிலங்களையும் கனிமங்களையும் பார்த்துக்கொள்ளும் உள்துறையிலும் வேலை பார்த்தவர். பிறகு ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்ந்து, ‘காலநிலைக் கவுன்சில்’ என்ற பெயரில் ஓர் அமைப்பை நடத்தினார். அதற்குப் பணம் கொடுப்பவர்கள் யார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். தொண்ணூறுகளில் நடந்த ஏறத்தாழ எல்லாப் பேச்சுவார்த்தைகளிலும் அரங்கின் ஓரத்திலும் நடைக்கூடத்திலும் அவரைப் பார்க்கலாம். சவூதி அரேபியா, குவைத் பிரதிநிதிகளுக்கு எதை எதிர்க்க வேண்டும், எந்த வரியில் திருத்தம் கேட்க வேண்டும் என்று எடுத்துக் கொடுப்பார். அவர் எழுதிக் கொடுத்த திருத்தங்களைப் பிரதிநிதிகள் தங்கள் நாட்டின் பெயரால் வாசித்ததாக அங்கே இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ இதழ் அவருக்கு ‘கார்பன் சங்கத்தின் தலைமைப் பூசாரி’ என்று பட்டம் கொடுத்தது. அவர் 2005-இல் இறந்துபோனார். மனிதர் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்தார் என்று அவருடைய எதிரிகளே ஒப்புக்கொள்கிறார்கள். சுற்றுச்சூழல் பக்கத்தில் அப்படி ஓர் ஆள் இல்லாமல்போனதே என்று எனக்கு இப்போதும் ஆற்றாமை உண்டு.

அந்த விதிப்புத்தகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1992-இல் காலநிலை உடன்படிக்கை கையெழுத்தானது. மாநாட்டை எப்படி நடத்துவது என்ற நடைமுறை விதிகளை முதல் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வரைவில் 42-ஆவது விதி வாக்கெடுப்பைப் பற்றியது. ஒருமித்த கருத்துக்கு எல்லா முயற்சியும் செய்தும் முடியவில்லையென்றால், மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் முடிவெடுக்கலாம் என்பது அதில் வைக்கப்பட்ட ஒரு வடிவம். 1995-இல் பெர்லினில் முதல் மாநாடு கூடியது. தலைமை ஏற்றவர் அன்று ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த அங்கேலா மெர்கல். சவூதி அரேபியாவும் மற்ற எண்ணெய் ஏற்றுமதி நாடுகளும் வாக்கெடுப்பை ஒப்புக்கொள்ளவில்லை. வாக்கெடுப்பு வேண்டுமா என்பதை வாக்கெடுப்பால் தீர்மானிக்கவும் வழியில்லை, ஏனென்றால் வாக்கெடுப்பு விதி இன்னும் நிறைவேறவில்லை! கடைசியில் 42-ஆவது விதியை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றை ‘தற்காலிகமாக’ப் பின்பற்றுவது என்று முடிவானது. அந்தத் தற்காலிகம் இன்றுவரை தொடர்கிறது. ஒவ்வொரு மாநாட்டின் தொடக்கத்திலும் தலைவர் அதே அறிவிப்பைச் செய்கிறார், அவை ஏற்றுக்கொள்கிறது.

இதன் பொருள், ஏறத்தாழ இருநூறு நாடுகளில் பிடிவாதம் பிடிக்க ஒன்றிரண்டு இருந்தால் போதும் என்பது. 1,602 பேரை விமானமேற்றி அனுப்புவதைவிட இது மலிவு. 2015-இன் பாரிஸ் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நிலக்கரி, எண்ணெய், புதைபடிவ எரிபொருள் என்ற சொற்கள் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. மாறாக, 1992 உடன்படிக்கையில் புதைபடிவ எரிபொருள் பேசப்படுகிறது, எந்த இடத்தில் தெரியுமா? அதை விற்றுப் பிழைக்கும் நாடுகளின் வருமானம் பாதிக்கப்படுமே என்ற கவலையில்.

பணக்கார நாடுகளின் புகைக்கு மட்டும் வரம்பு வைத்த 1997 கியோட்டோ ஒப்பந்தத்துக்கு முன்னும் பின்னும் நடந்தது வேறு வகை. அங்கே எண்ணெய் நிறுவனங்கள் மாநாட்டை விட்டுவிட்டு வாஷிங்டனைப் பிடித்தன. 1989-இல் தொடங்கிய ‘உலகக் காலநிலைக் கூட்டணி’ என்ற அமைப்பில் எக்ஸான், ஷெல், பி.பி., ஃபோர்டு எல்லாம் இருந்தன. பசுமையில்ல விளைவின் அறிவியல் அடிப்படை நிலைநாட்டப்பட்ட ஒன்று, அதை மறுக்க முடியாது என்று 1995-இல் அவர்களுடைய சொந்த அறிவியல் ஆலோசகர்களே வரைவறிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். வெளியில் சந்தேகத்தை விற்றுக்கொண்டே இருந்தார்கள். ‘இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கட்டுப்பாடு இல்லை, நமக்கு மட்டும் ஏன்?’ என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார்கள். வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தத்தில் சேரக் கூடாது என்று அமெரிக்க செனட் 95-க்கு 0 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. 2001-இல் புஷ் கியோட்டோவைக் கைகழுவினார். அந்தக் கூட்டணியினரைச் சந்திக்கப்போன ஒரு துணைச் செயலருக்காக வெளியுறவுத் துறை தயாரித்த குறிப்பில், அதிபர் கியோட்டோவை நிராகரித்ததில் ‘உங்கள் ஆலோசனைக்கும் பங்கு உண்டு’ என்று அவர்களிடம் சொல்லும்படி எழுதியிருந்தது. வேலை முடிந்தது, 2002-இல் கூட்டணியைக் கலைத்துவிட்டார்கள்.

அதே 2001-இல் எக்ஸான்மோபிலிலிருந்து வெள்ளை மாளிகைக்கு ஒரு குறிப்பு போனது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவின் தலைவர் ராபர்ட் வாட்சனை மாற்ற முடியுமா என்று அதில் கேட்டிருந்தார்கள். மறு ஆண்டு வாட்சன் போனார். அமெரிக்கா, வளரும் நாடுகள் ஆதரவோடு அந்த இடத்துக்கு வந்தவர் நம் ராஜேந்திர பச்சௌரி. அவருடைய தலைமையில்தான் அந்தக் குழு 2007-இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியது. எக்ஸான் கணக்கு தப்பியதும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒருமித்த கருத்து என்கிறார்களே, அது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறதா? 2010-இல் கான்கூனில் பொலிவியா வெளிப்படையாக எதிர்த்தது. முடிவு நிறைவேறியது என்று தலைவர் சுத்தியலைத் தட்டிவிட்டார். 2012-இல் தோஹாவில் ரஷ்யாவின் எதிர்ப்பும் அப்படியே போனது. 2023 டிசம்பர் 13 அன்று துபாயில், புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்வது பற்றிய புகழ்பெற்ற தீர்மானம் நிறைவேறியபோது சிறு தீவு நாடுகளின் பிரதிநிதிகள் அரங்கிலேயே இல்லை. ‘நாங்கள் உள்ளே வருவதற்குள் தட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது’ என்ற பொருளில் அவர்கள் சார்பில் சமோவாவின் ஆன் ராஸ்முசென் பேசினார். அவை எழுந்து நின்று கைதட்டியது. தீர்மானம் அப்படியேதான் இருந்தது. 2024-இல் பாகுவில் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் நிதி என்ற முடிவுக்கு முன்னால் பேச வேண்டும் என்று இந்தியா கேட்டது. சுத்தியல் விழுந்த பிறகுதான் இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனாவுக்கு மைக் கிடைத்தது. அவர் அந்த ஆவணத்தை வெறும் கண்கட்டு வித்தை என்றார். ஆக, யாருடைய முனகல் எதிர்ப்பாகக் கருதப்படும், யாருடைய கூச்சல் காதில் விழாது என்பதைத் தீர்மானிப்பது தலைமை நாற்காலி. அந்த நாற்காலியில் துபாயில் இருந்தவர் அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் சுல்தான் அல் ஜாபர். பாகுவில் இருந்தவர் அஜர்பைஜான் அரசு எண்ணெய் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய முக்தார் பாபாயேவ்.

இனி உங்கள் நண்பர்கள். அவர்கள் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். கிளாஸ்கோவில் கடைசி மணித்துளியில் தீர்மானத்தில் இருந்த நிலக்கரி பற்றிய வாசகத்தை இந்தியா நீர்க்கச் செய்தபோது உலகமே நம்மைத் திட்டியது. ஏழை நாடுகள் எரிக்கும் நிலக்கரியைப் பெயர்சொல்லிக் கண்டித்த அந்த வாசகம், பணக்கார நாடுகள் எரிக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் குறைக்கச் சொல்லவே இல்லை. அடுத்த ஆண்டு ஷர்ம் எல்-ஷேக்கில், சொல்வதானால் எல்லாப் புதைபடிவ எரிபொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று இந்தியா கேட்டது. நல்ல கேள்வி. ஏறத்தாழ 80 நாடுகள் பின்னால் நின்றன. எண்ணெய் நாடுகள் அதை வரைவுக்குள் நுழையவே விடவில்லை.

மீதிப் பாதியில்தான் சண்டை. பேச்சுவார்த்தையில் இந்தியா சேர்ந்திருக்கும் ‘ஒத்த கருத்துள்ள வளரும் நாடுகள்’ குழுவில் சவூதி அரேபியாவும் இருக்கிறது. ஜார்க்கண்ட் சுரங்கத் தொழிலாளியின் வயிற்றைக் காட்டி நாம் கேட்கும் நியாயம், உலகின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனத்துக்குக் குடையாகப் பயன்படுகிறது. பெலேமில் எரிபொருளிலிருந்து விலகுவதற்கு ஒரு கால அட்டவணையாவது போடுவோம் என்று 80-க்கும் மேற்பட்ட நாடுகள் கேட்டன. இந்தியா அந்த வரிசையில் இல்லை. இறுதி முடிவில் புதைபடிவ எரிபொருள் என்ற பேச்சே இல்லை. பணமும் தொழில்நுட்பமும் தந்தால்தான் அட்டவணை என்று நாம் தனியாகவே பேரம் பேசியிருக்கலாம். சவூதியின் தோளில் கைபோட்டுக்கொண்டு அதைச் செய்ய வேண்டிய அவசியம் எனக்கு விளங்கவில்லை.

எழுப்பி அனுப்ப முடியாதா என்று கேட்டீர்கள். வேறோர் ஒப்பந்தத்தில் அதற்குச் சட்டமே இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3 பிரிவு, கொள்கை வகுப்பதில் புகையிலை நிறுவனங்களின் நலன் தலையிடாமல் அரசுகள் காத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 2005 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அங்கேயும் சீனா போன்ற நாடுகளில் அரசே சிகரெட் விற்கிறது என்ற ஓட்டை உண்டு. எண்ணெயில் அந்த ஓட்டை கதவளவு பெரிது. சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோவை வெளியே அனுப்பினால் சவூதி எரிசக்தி அமைச்சர் உள்ளே இருப்பார். நம் அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவை அனுப்பினால்? ஆகவே தனியார் நிறுவன ஆட்களைத் தடுப்பதை நான் ஆதரிக்கிறேன், அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கவில்லை. வாக்கெடுப்பு விதி வேண்டும். 2011-இல் பப்புவா நியூ கினியும் மெக்சிகோவும் சேர்ந்து உடன்படிக்கையையே திருத்தி வாக்கெடுப்பைக் கொண்டுவர ஒரு முன்மொழிவு வைத்தன. நான்கில் மூன்று பங்குப் பெரும்பான்மையால் உடன்படிக்கையைத் திருத்தலாம் என்று அதிலேயே இடம் இருக்கிறது. துணிந்து அதைப் பயன்படுத்த யாரும் முன்வரவில்லை.

திருவிழா எதற்கு என்ற கேள்விக்கு: குட்டித் தீவு நாடான துவாலுவும் சீனாவும் ஒரே மேசையில் உட்காரும் வேறு இடம் அதிகம் இல்லை. அதனால் மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தீவு நாடுகளே அந்த ஒரு மேசையை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. வனுவாட்டு முன்னின்று கேட்டதன் பேரில் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று ஒருமனதாக ஒரு கருத்துரை வழங்கியது. எரிபொருள் எடுக்க உரிமம் கொடுப்பதும் மானியம் தருவதும்கூட ஒரு நாடு செய்யும் சர்வதேசச் சட்டமீறலாக இருக்கக்கூடும் என்று அது சொல்கிறது. கொலம்பியாவும் நெதர்லாந்தும் ஐ.நா. மாநாட்டுக்கு வெளியே, 2026 ஏப்ரலில் கொலம்பியாவின் சாந்தா மார்ட்டா நகரில் எரிபொருள் விலகலுக்கென்றே தனி மாநாடு நடத்துவதாக பெலேமிலேயே அறிவித்தன. கொலம்பியா நிலக்கரி ஏற்றுமதி செய்யும் நாடு என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வேலை சொல்கிறேன், உங்களுக்கு விருப்பமிருந்தால். மாநாட்டின் பங்கேற்பாளர் பட்டியலை ஐ.நா. இணையத்தில் வெளியிடுகிறது. இந்தியாவின் பெயரில் போனவர்கள் யார் யார், எந்தத் துறை, எந்த நிறுவனம் என்று உட்கார்ந்து பாருங்கள். விவரம் இல்லாத பெயர்கள் இருந்தால் அவற்றைத் தனியாகக் குறித்து, உங்கள் தொகுதி எம்.பி.க்கு அனுப்பிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடலாம்.