ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வந்தால் லூபஸ்தானா?

கேள்வி: டாக்டர், என் தங்கைக்கு 27 வயது, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. சில மாசமாக இடுப்பும் முழங்காலும் வலி. லேபில் ஏ.என்.ஏ. எடுத்தோம், '1:80 பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. நெட்டில் தேடினால் லூபஸ் என்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்கிற நேரம் வேறு, அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் உடலைத் தாக்கும் நோய்; இந்த ஒரு தாளை வைத்து அதுதான் என்று சொல்லவே முடியாது. ஏ.என்.ஏ. என்பது நம் செல்களின் கருவையே எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆட்டோஆன்டிபாடி (தன்னையே எதிர்க்கும் புரதம்). 1:80 என்றால், ரத்தத்தின் சீரத்தை (தெளிந்த நீர்ப்பகுதியை) 80 மடங்கு நீர்க்க வைத்த பிறகும் அந்த ஆட்டோஆன்டிபாடி தென்படுகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இந்த அளவு வரும். தைராய்டு கோளாறு இருந்தாலும், டி.பி.க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை சாப்பிட்டாலும் வரும். 2019-ல் வந்த லூபஸ் வரையறையில்கூட 1:80 வெறும் நுழைவாசல்தான், அதற்கு அப்புறம் அறிகுறிகளைக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அதனால் தங்கையிடம் கேளுங்கள்: காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் வீங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமல் இருக்கிறதா? வெயிலில் போய் வந்தால் கன்னம் இரண்டிலும் சிவப்பு படர்ந்து நாள்கணக்கில் நிற்கிறதா (நம்ம வேலூர் வெயிலில் முகம் கறுப்பது வேறு, அதைச் சொல்லவில்லை), வாய்ப்புண் அடிக்கடி வருகிறதா, குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறதா? ஒன்றுமே இல்லை, இடுப்பும் முழங்காலும் மட்டும்தான் என்றால், நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்காருவதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் ருமட்டாலஜிஸ்ட் என்ற மூட்டு, வாத நோய் நிபுணரைப் பாருங்கள், வேலூர் சி.எம்.சி.யிலேயே அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சிறுநீரில் புரதம் போகிறதா என்ற டெஸ்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், செலவு குறைவு, ஆனால் லூபஸ் வலியே இல்லாமல் கிட்னியைத் தாக்குவது அதில்தான் முதலில் தெரியும். தேவைப்பட்டால் அடுத்த கட்ட ஆன்டிபாடிகளை அவர்களே எழுதுவார்கள்: டி.எஸ்.-டி.என்.ஏ.வும் ஸ்மித்தும் லூபஸைக் காட்டும், எஸ்.சி.எல்.-70 தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மாவை, ஜோ-1 தசை அழற்சியை. ரோ என்ற ஆன்டிபாடி பாசிட்டிவாக இருந்தால் கர்ப்பம் தரிக்கும்போது டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு குறையலாம்.

ஏ.என்.ஏ.வை மறுபடி எடுக்க வேண்டாம். நோய் கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் அதற்கேற்ப மாறுவதில்லை, காசுதான் வீண். கல்யாணப் பேச்சையும் இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.