எம்.பி.ஏ. இருக்கட்டும், பலூன் வாங்குங்கள்

மகளின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்கக் குரோம்பேட்டையிலிருந்து என்னிடம் வந்திருந்த அந்த அம்மா உட்காரும்போதே ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார். பி.எஸ்சி. நர்சிங் மதிப்பெண் பட்டியல், இரண்டு வருஷப் பணிச் சான்று, ஒரு எம்.பி.ஏ. கல்லூரியின் வழவழப்பான புத்தகம். பெண் வெளியே பெஞ்சில். கூப்பிட்டதற்கு, "அம்மா முதல்ல பேசட்டும் மேடம்" என்றுவிட்டாள்.

அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் லேபர் வார்டு நர்ஸ். சனிக்கிழமைகளில் கர்ப்பிணிகளுக்கு நடக்கும் பிரசவ வகுப்பை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கும் ஆசைதான். முதல் வகுப்பில் பன்னிரண்டு பேர். ஐந்தே நிமிஷத்தில் நாக்கு வறண்டு, கை நடுங்கி, ஸ்லைடு மாற்றும் ரிமோட் கீழே விழுந்திருக்கிறது. "பாத்ரூம்ல போய் அழுதிருக்கா மேடம்." விஷயம் டல்லாஸில் இருக்கும் சித்தப்பா காதுக்குப் போக, அவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: வார்டும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்டில் எம்.பி.ஏ. படிக்கட்டும். மேனேஜர் என்று சொன்னால் வரன் பார்க்கவும் வசதி.

கவலைப்படாதீர்கள் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசப் பயப்படுகிற பெண்ணை எம்.பி.ஏ.வுக்கா அனுப்புவது? பல இடங்களில் சேர்க்கைக்கே குழு விவாதம் உண்டு. உள்ளே போனால் ஓயாமல் பிரசென்டேஷன். அங்கேயும் ரிமோட் விழும், கடனோடு சேர்ந்து விழும்.

கணக்கைப் பார்ப்போம். அந்தக் கல்லூரி கேட்பது 12 லட்சம். 11 சதவீத வட்டியில் ஏழு வருஷக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 20,500 ரூபாய். மொத்தம் 17 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். படிக்கும் காலத்து வட்டியும் இழந்த சம்பளமும் இதில் சேரவில்லை. அவளுடைய அப்பாவுக்கு ஓய்வு பெற நாலு வருஷம்தான் இருக்கிறது. சித்தப்பா டல்லாஸிலிருந்து தவணை கட்டுவாரா என்று கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை.

வளைகுடா, லண்டன், ஜெர்மனி, அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை. உங்கள் தெருவிலேயே விவரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

உங்கள் பெண்ணின் நர்சிங் கவுன்சில் பதிவை எடுத்துப் பாருங்கள். செவிலியர் என்பதோடு மருத்துவச்சி என்றும் இருக்கும். அந்த இரண்டாவது சொல்லை நம் வீடுகளில் யாரும் படிப்பதே இல்லை. 2018-ல் மத்திய அரசு மருத்துவச்சி சேவைக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டு, பதிவு பெற்ற செவிலியர்களுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சியைக் கொண்டுவந்தது. 2023-ல் வந்த சட்டத்தின் பெயரிலேயே செவிலியமும் மருத்துவச்சிப் பணியும் சேர்ந்து நிற்கின்றன. இந்தப் பக்கம் போகிற பெண்ணுக்குப் பிரசவ வகுப்பு ஒரு பக்க வேலை இல்லை, பயிற்சிக்களம். கர்ப்பிணிகள் எதற்குப் பயப்படுகிறார்கள், மாமியார்கள் என்ன சொல்லி அனுப்புகிறார்கள், கணவன்மார்கள் எதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

ஒரு எச்சரிக்கை: ஒரு வாரக் கடைசியில் 'பிரசவப் பயிற்சியாளர்' சான்றிதழ் தருகிறோம் என்று ஆன்லைனில் பணம் கேட்பவர்களுக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதலில் முப்பது வகுப்பு எடுக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

இனி அந்த நடுக்கம். பெண்ணை உள்ளே கூப்பிட்டு, என்ன தயார் செய்தாய் என்று கேட்டேன். 64 ஸ்லைடு! என் மகள் நிறைமாசமாக இருந்தபோது இப்படி ஒரு வகுப்புக்கு அவளோடு போயிருக்கிறேன். அந்த சிஸ்டர் திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனார். பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தோம். மனப்பாடம் செய்தவருக்கு ஒரு வரி மறந்தால் எல்லாம் மறந்துவிடும். அதனால் ஸ்லைடுகளை அழிக்கச் சொன்னேன்.

அதற்குப் பதில் ஒரு பலூன், ஒரு பிங்பாங் பந்து. உலகம் முழுக்கப் பிரசவ வகுப்புகளில் செய்து காட்டுவது இது. பந்தைப் பலூனுக்குள் தள்ளி, அளவாக ஊதி, பந்து கழுத்தில் வந்து அடைத்து நிற்கும்படி பிடிக்க வேண்டும். பலூன் கர்ப்பப்பை, கழுத்து கர்ப்பப்பை வாய், பந்து குழந்தையின் தலை. பக்கவாட்டில் அமுக்கினால் கழுத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. நம் பாட்டிகள் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்களே, அதுதான். மேலிருந்து அமுக்கி அமுக்கி விட்டால் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும், பிறகு விரியும், கடைசியில் பந்து வெளியே குதிக்கும். அந்த நிமிஷம் சிரிக்காத வகுப்பு கிடையாது. பன்னிரண்டு பேரும் பலூனைத்தான் பார்ப்பார்கள், உன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். அவள் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வகுப்பை நீ பேசித் தொடங்காதே, அவர்களைப் பேசவிடு. "உங்க வீட்ல பிரசவத்தைப் பத்தி என்ன சொல்லிப் பயமுறுத்தியிருக்காங்க?" என்று ஒரு கேள்வி போதும். அடுத்த பத்து நிமிஷம் அவர்களே நடத்துவார்கள்: குங்குமப்பூ, பப்பாளி, கொடி சுற்றிக்கொள்வது, நல்ல நேரம் பார்த்து சிசேரியன். அதற்குள் உன் மூச்சு சீராகிவிடும்.

பிறகு மூச்சுப் பயிற்சி. இழுப்பதைவிட விடுவது நீளமாக. இதை எல்லோரோடும் சேர்ந்து நீயும் செய். பயம் உடம்பை இறுக்கும், இறுகிய உடம்புக்கு வலி கூடும், கூடிய வலி மறுபடி பயத்தைக் கூட்டும் என்று இங்கிலாந்தின் மகப்பேறு டாக்டர் கிராண்ட்லி டிக்-ரீட் போன நூற்றாண்டிலேயே எழுதியதை அவர்களுக்குச் சொல்லித்தரப் போகிறாய். கொஞ்சம் உனக்கும் ஆகட்டும்.

தெரியாததைக் கேட்டுவிடுவார்களே என்பதுதான் அவளுடைய பெரிய பயம். கேட்பார்கள். "டாக்டர்கிட்ட கேட்டு அடுத்த சனிக்கிழமை சொல்றேன்" என்று நோட்டில் எழுதிக்கொள், மறுவாரம் மறக்காமல் சொல். அதைவிட நம்பிக்கை சம்பாதிக்கிற வழி எனக்குத் தெரியாது. மருந்து, ஸ்கேன் ரிப்போர்ட் பற்றி மட்டும் வாயே திறக்கக் கூடாது.

சிசேரியனைத் தவிர்த்துவிட்டுப் பேசவும் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதாவது உன் எதிரே இருக்கிற பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு அது நடக்கலாம். சுகப்பிரசவத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு வந்தால், அந்த ஐந்து பேரும் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கூட வந்திருக்கும் அம்மாவையும் மாமியாரையும் ஓரமாக உட்கார வைக்காதே. பிரசவ அறையில் துணைக்கு நிற்கப் போவது அவர்களாக இருக்கலாம். இடுப்பை எங்கே எப்படித் தேய்த்துவிடுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்று கற்றுக்கொடு. (எனக்கு யாராவது இரண்டாவதைக் கற்றுக்கொடுத்திருக்கலாம். என் மகள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.)

"வார்டுல பயமா இருக்கா?" என்று கேட்டேன். "அங்க எதுக்கு மேடம் பயம்?" என்றாள். ராத்திரி இரண்டு மணிக்கு, கத்துகிற ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தெளிவாகப் பேசுகிறவள்தான் இவள். பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும்போதுதான் சிக்கல். அதனால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நீயும் உட்கார்ந்துகொள், முதல் மாதம் மூன்று ஜோடி போதும் என்று பொறுப்பாளரிடம் கேள், சீனியர் சிஸ்டர் ஒருவரைப் பாதி வகுப்பு எடுக்கச் சொல் என்றேன்.

அந்த அம்மாவிடம் ஒன்று கண்டிப்பாகச் சொன்னேன். இவளுக்குப் பிடித்த வேலை எது என்று இரண்டு வருஷமாக இவள் காட்டிக்கொண்டே இருக்கிறாள். ஒரு சனிக்கிழமை அழுததை வைத்து அதை மாற்ற உங்களுக்கோ சித்தப்பாவுக்கோ உரிமை கிடையாது. ஆறு மாதம் கொடுங்கள். அதற்குப் பிறகும் வகுப்பு வேண்டாம் என்று அவளே சொன்னால் வேறு வழி பார்ப்போம். அப்போதும் 12 லட்சத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

மாடி வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்கு ஏழாம் மாசமாம், போன வாரம்தான் வளைகாப்பு. நாளைக்கே அவளை உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள் என்று அனுப்பினேன். பலூன் மட்டும் ஒன்றாக வாங்க வேண்டாம், ஒரு பாக்கெட்டாக வாங்குங்கள். முதல் நாலைந்து உடையும்.