இண்டி ராக் கேட்பவர் எந்த ஆல்பத்தின் வழியாக ஜாஸுக்குள் நுழையலாம்?

இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக் இசை) மட்டுமே கேட்டுப் பழகியவர் ஜாஸில் எதிலிருந்து தொடங்கலாம் என்ற இக்கேள்விக்கு, பெரும்பாலோர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வையே கைகாட்டுவார்கள், அதில் தவறில்லை. ஆயினும் என் முதல் பரிந்துரை, ஹார்ப் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' (1971).

தம்பூராவின் சுருதி முதலில் எழ, அதன்மேல் செசில் மெக்பீயின் பேஸ் ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப மீட்ட, ஹார்ப்பின் நரம்புகள் அருவிபோல் இறங்கிய பிறகே ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் நிதானமாக உள்ளே வருகிறது. கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற்றங்களைத் துரத்த வேண்டியதில்லை. ஒரே ஆதார சுருதியில் மனம் தங்கிவிடுவதால், கச்சேரி கேட்ட காதுக்கும் ரீங்கரிக்கும் கிட்டார் இசை கேட்ட காதுக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. (தலைப்பிலுள்ள சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவர், 1969-இல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவின் தொடக்கத்தில் உரையாற்றியவரும் அவரே.) போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், அந்த பேஸ் காணாமல் போய்விடும்.

ஜாஸிலிருந்து இண்டிப் பக்கம் வருபவர்களுக்கு, நியூஜெர்சியின் ஹோபோக்கனைச் சேர்ந்த யோ லா டெங்கோ குழு 1997-இல் வெளியிட்ட 'ஐ கேன் ஹியர் த ஹார்ட் பீட்டிங் ஆஸ் ஒன்' பொருந்தும். சற்று நீளமான ஆல்பம்தான். ஆர்கனும் தாளமும் கிசுகிசுப்பான குரலுமாக நகரும் 'ஆட்டம் ஸ்வெட்டர்' பாடலை முதலில் கேளுங்கள்.